முன்னோட்டத்தில் பறை உண்டு, பெயர் இல்லை

தொலைக்காட்சியில் ஒரு போட்டி தொடங்கும் முன் ஓடுகிற ஒரு நிமிட முன்னோட்டப் படத்தை யாரும் விமர்சிப்பதில்லை. ஆட்டத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு அது இடைவெளி, அவ்வளவுதான். ஆனால் நாம் அதை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் அடிக்கடி ஒலிப்பது நம் பறை. ஓடுவது நம் தெருப் பிள்ளைகள்.

தமிழ் ஒளிபரப்புக்கென்று ஒரு வாய்பாடே உருவாகிவிட்டது. குறுகலான சந்து, சுவரில் பட்டுத் திரும்பும் பந்து, வியர்வையில் மின்னும் கறுத்த உடல், அடுத்த நொடியில் விளக்கொளியில் நட்சத்திர வீரர். இடையே பறையின் அடி வேகமெடுக்கும். மண், வெறி, வேகம் என எதைக் காட்டுவதென்றாலும் சேரி தேவைப்படுகிறது. கடைசி மூன்று நொடியில் நிறுவனங்களின் சின்னங்கள் வரும். அடித்தது எந்த ஊர்க் குழு என்பது வராது.

விளம்பரப் படத்தில் பெயர் போடும் வழக்கமில்லை என்பார்கள். உண்மைதான். இயக்குநர் பெயரும்கூடத் திரையில் வராது. ஆனால் அவர் பெயரை ஒப்பந்தம் சொல்லும், செய்திக் குறிப்பு சொல்லும். 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்கு வந்த முன்னோட்டத்தை இயக்கியவர் விக்னேஷ் சிவன், இசை ஏ.ஆர்.ரஹ்மான் என்பது ஊரறிந்த செய்தி. சதுரங்கக் கட்டம் தீட்டிய நேப்பியர் பாலமும் பெயர் பெற்றது. பின்னணியில் ஆடியவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

அதே ஒலிம்பியாடின் தொடக்க விழாவில், ஜூலை 28 அன்று, ‘என்ஜாய் எஞ்சாமி’யைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அரக்கோணத்து அறிவு மேடையில் இல்லை. நிலமற்ற முன்னோர்களின் வாழ்விலிருந்து தாம் எழுதி, மெட்டமைத்து, பாடியது அது என்று சில நாள்களில் அவரே பொதுவெளியில் எழுத வேண்டி வந்தது. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்றொரு விளக்கம் வந்தது. இசையமைப்பாளரும் தீயும் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். யாருடைய பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்வது இங்கே நம் வேலையில்லை. நாடறிந்த கலைஞருக்கே இந்த நிலை என்றால், நாள் கூலிக்கு அழைக்கப்படும் குழுவின் நிலை என்ன?

சட்டமும் இங்கே கைகொடுப்பதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் கொண்டுவந்த திருத்தம், தன்னைப் பெயர் சொல்லி அடையாளப்படுத்தக் கோரும் உரிமையை நிகழ்த்துகலைஞருக்குத் தந்தது. அதே திருத்தம் இன்னொன்றும் சொல்கிறது: திரைப்படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ பங்கேற்று, தொழில் வழக்கப்படி பெயர் போடப்படாதவர் ‘நிகழ்த்துகலைஞர்’ ஆகமாட்டார். தன் நிகழ்ச்சியைத் திரித்து இழிவுபடுத்தினால் எதிர்க்கும் உரிமை மட்டுமே அவருக்கு மிச்சம். பெயர் போடும் வழக்கமில்லை, ஆகவே பெயர் கேட்கும் உரிமையும் இல்லை! வழக்கத்தைச் சட்டமாக்குவது எப்படியென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெயர்தானே, கூலி வந்ததே என்று கேட்கலாம். ஊரில் பறையடித்தவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. சாதியைச் சொல்லித்தான் அழைத்தார்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்ததற்காக அடி வாங்கியவர்கள் நம்மில் உண்டு. அப்படி மீட்ட கருவி இன்று அரங்கத்துக்குப் போயிருக்கிறது. கருவி மட்டும் போய், கலைஞர் பழையபடி பெயரில்லாமல் வாசலிலேயே நிற்பதை நாம் முன்னேற்றம் என்று எண்ண முடியாது.

தனியார் ஒளிபரப்பாளரிடம் நம் குரல் எட்ட நாளாகும். அரசிடம் இப்போதே கேட்கலாம். முதலமைச்சர் கோப்பைக்கும் ஜல்லிக்கட்டுக்கும் அரசு சார்பில் முன்னோட்டம் எடுக்கும்போது, குழுவின் பெயர், ஊர், ஊதியம் மூன்றையும் எழுத்தில் ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும். படத்தில் இடமில்லையென்றால், சமூக ஊடகத்தில் அதை வெளியிடும்போது கீழே இரண்டு வரி சேர்க்கட்டும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம். அடுத்த மக்கள் குறைதீர்க் கூட்டத்தில் ஆட்சியரிடம் இந்த மனுவைக் கொடுக்கிறோம். பறைக் குழுவினர் தங்கள் குழுப் பெயரோடு வந்து கையெழுத்திட வேண்டும்.