வீடும் வேண்டும், வெட்டவெளியும் வேண்டும்!

புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவே, வெள்ளை வெளேர் என்று ஒரு மண்டபம் நிற்கிறது. அதன் பெயர் ஆயி மண்டபம்.

ஆயி யார்? அவள் ஒரு தாசி. அந்த வழியாக வந்த கிருஷ்ணதேவராயர், அவளுடைய மாளிகையைக் கோவில் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டாராம். உண்மை தெரிந்ததும், மாளிகையை இடிக்க உத்தரவு போட்டாராம். ஆயி அவகாசம் கேட்டு வாங்கி, வீட்டைத் தானே இடித்து, அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம். இது செவிவழிக் கதை.

19-ம் நூற்றாண்டில், பிரெஞ்சுக்காரர்கள் முத்திரப்பாளையத்தில் இருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அதன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் இந்த மண்டபம் எழுந்தது.

அன்று வீடு போய்க் குளம் வந்தது. இன்று குளமும் தோப்பும் போய் வீடு வருகிறது!

இடநெருக்கடி

புதுவை மாவட்டத்தின் பரப்பு 293 சதுர கிலோமீட்டர். 2011-ம் ஆண்டுக் கணக்குப்படி, ஜனத்தொகை சுமார் 9½ லட்சம். அதாவது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 3 ஆயிரம் பேருக்கு மேல்!

வேலைக்கும் படிப்புக்கும் வெளியூரில் இருந்து வருகிறார்கள். பிள்ளைகள் கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போகிறார்கள். எல்லோருக்கும் வீடு வேண்டும். "கட்டாதே" என்று யாரும் சொல்ல முடியாது. எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்பதுதான் கேள்வி.

மழை சொன்ன பாடம்

2024 நவம்பர் 30-ந் தேதி, பெஞ்ஜல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரெயின்போ நகர் போன்ற தாழ்வான இடங்களில் வெள்ளம் சூழ்ந்தது.

அவ்வளவு மழையை எந்த ஊரும் தாங்காது. ஆனாலும், மண் தரை கொஞ்சம் உறிஞ்சும். ஏரி கொஞ்சம் தேக்கும். சிமெண்டுத் தரை ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது!

முன்னோர் கண்ட வழி

நெருக்கமாக வாழ்வது புதுவைக்குப் புதிது அல்ல. பழைய தமிழர் தெருக்களில், வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். ஆனால் உள்ளே முற்றம் இருக்கும். காற்றும் வெளிச்சமும் வரும். வெளியே திண்ணையும் தாழ்வாரமும் இருக்கும். வழிப்போக்கனுக்கு நிழல் கிடைக்கும். வைசியாள் வீதியில் இதை இன்றும் பார்க்கலாம்.

ஊருக்குப் பொதுவாகவும் இடம் விட்டார்கள். 1826-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, 22 ஏக்கர்!

மாடி கட்டலாம், மண்ணை விடலாம்

ஒரு மனையில் மாடிகள் எழுப்பி நாலு குடும்பம் வாழ்ந்தால், வயலும் ஏரிக்கரையும் தப்பும். ஆனால், மனை முழுவதையும் கட்டிடமாக்கினால் பயன் இல்லை. சுற்றிலும் மண் தரை வேண்டும். ஒரு மரமாவது வேண்டும். மண் விற்கும் விலையில், ஓர் அடி விடக்கூட மனம் வராதுதான். அதனால்தான் சட்டம் வேண்டும். புதிய நகர் பிரிக்கும்போது பூங்காவுக்கு ஒதுக்கும் இடம், காகிதத்தில் மட்டும் அல்ல, தரையிலும் இருக்க வேண்டும்.

சிங்கப்பூரின் பரப்பு சுமார் 730 சதுர கிலோமீட்டர். அங்கே சுமார் 60 லட்சம் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் அடுக்கு வீடுகளில்தான் வசிக்கிறார்கள். ஆனால் 1967-லேயே, "தோட்ட நகரம்" ஆக்குவோம் என்று பிரதமர் லீ குவான் யூ மரம் வளர்க்கத் தொடங்கிவிட்டார்.

பங்களாக்காரருக்குச் சொந்தத் தோட்டம் உண்டு. ஓர் அறையில் குடித்தனம் நடத்துபவருக்குப் பூங்காதான் தோட்டம். அது போனால், அவருடைய பிள்ளைகள் எங்கே ஓடி விளையாடும்?

இடித்த வீட்டை மறுபடி கட்டலாம். ஏரியைத் தூர்த்துவிட்டால், மறுபடி வெட்டித் தர எந்த ஆயி வருவாள்?