மாடி வீட்டு அவியல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து, ஈஸிசேரில் சாய்ந்து சற்றே கண்ணை மூடலாமென்று இருந்தேன். மாடி வீட்டு மாமி வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே ஏதோ விசாரம் என்று தெரிந்துவிட்டது.

"உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளை ஆல்பம் போடப் போகிறானாம்!"

"கல்யாண ஆல்பமா? எங்களிடம் சொல்லவே இல்லையே, மாமி!" என்றாள் என் மனைவி.

"அப்படியிருந்தால் உன் வாயில் சர்க்கரை போட மாட்டேனா! இது பாட்டு ஆல்பமடி. இவன் கிதார் வாசிக்கிறான். ஒருவன் மிருதங்கம், ஒருவன் பறை, ஒரு பெண் வயலின். நாலு பேருமாக எட்டுப் பாட்டுப் பண்ணியிருக்கிறார்கள். சினிமாவுக்கும் இல்லை, கம்பெனிக்காரர் யாரும் பணம் போடவும் இல்லை. எல்லாம் கைக்காசு! நான் சீட்டு எடுத்து ஒரு லட்சம் வைத்திருக்கிறேனே, அதில் கண் வைத்துவிட்டான். கொடுக்கலாமா, கூடாதா, நீங்களே சொல்லுங்கள்."

சீட்டுப் பணம் என்றால் லேசா? மாதா மாதம் காய்கறிச் செலவில் பிடித்து, புடைவையைத் தள்ளிப் போட்டுச் சேர்த்த பணம். சட்டென்று பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"மாமி, நீங்கள் அவியல் கேட்டிருக்கிறீர்களா?" என்றேன்.

"அவியலைச் சாப்பிடுவார்கள். கேட்பதாவது!"

கேட்கத்தான் வேண்டும், நேயர்களே! திருவனந்தபுரத்தில் 2003-ம் ஆண்டு வாக்கில் சில இளைஞர்கள் கூடி ஒரு வாத்தியக் கோஷ்டி ஆரம்பித்தார்கள். அதற்கு 'அவியல்' என்றே பெயர் வைத்தார்கள். டோனி ஜான், ரெக்ஸ் விஜயன் இருவரும் அவர்களில் உண்டு. கிதாரும் டிரம்மும் போட்டு முழங்கும் ராக் சங்கீதம் என்றால் இங்கிலீஷில்தான் பாட வேண்டும் என்று நம் கல்லூரிப் பிள்ளைகள் நினைத்திருந்த காலம். இவர்கள் மலையாளத்திலேயே பாடினார்கள். நாட்டுப் பாட்டின் மெட்டும் வார்த்தையும் மேனாட்டு வாத்தியத்தோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தன.

நம் பக்கத்தைப் போலவே கேரளத்திலும் பாட்டு என்றால் சினிமாப் பாட்டுத்தான். படமில்லாத பாட்டை யார் வாங்குவார்கள்? இடையில் கோஷ்டியில் ஆட்கள் மாறினார்கள். கடைசியில் 2008-ல்தான் முதல் ஆல்பம் வெளிவந்தது. மும்பையிலிருந்த பாட் பிஷ் என்ற சிறு கம்பெனி வெளியிட்டது. மொத்தம் எட்டே பாட்டு. ஐந்து வருஷத்துக்கு எட்டுப் பாட்டு என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

"எட்டா? இவர்களும் எட்டுத்தான்" என்றாள் மாமி, கொஞ்சம் ஆறுதலாக.

கைபேசியில் அந்த ஆல்பத்திலிருந்து 'ஆடு பாம்பே' பாட்டைப் போட்டேன். முதலில் கிதார் இரைந்ததும் மாமி முகத்தைச் சுளித்தாள். குரல் வந்ததும் சுளிப்பு நின்றுவிட்டது.

"என்ன இது! பாம்பாட்டிச் சித்தர் அல்லவா? என் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பாடுவாரே!"

"ஏறக்குறைய அதேதான், மாமி. இது ஸ்ரீ நாராயண குரு மலையாளத்தில் செய்த குண்டலினிப் பாட்டு. அவருக்குத் தமிழும் நன்றாகத் தெரியும். குறளில் ஒரு பகுதியை மலையாளத்தில் கொண்டு வந்தவர். நம் சித்தர் பாம்பை ஆடச் சொன்னார். அவரும் ஆடச் சொன்னார். இந்தப் பிள்ளைகள் அதற்குக் கிதார் பிடித்திருக்கிறார்கள்."

மாமி ஒன்றும் பேசாமல் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

இதற்குள் என் மனைவிக்கு அவியலைப் பற்றியே ஓர் அபிப்பிராயம் தோன்றிவிட்டது. "அஞ்ஞாத வாசத்தில் பீமன் விராடன் மடைப்பள்ளியில் கையில் அகப்பட்ட காயையெல்லாம் போட்டுப் பண்ணினான் என்று கதை சொல்வார்கள். ஆனால் அகப்பட்டதையெல்லாம் போட்டால் மட்டும் அவியல் ஆகிவிடுமா? வாழைக்காய் வாழைக்காயாக இருக்க வேண்டும். முருங்கை முருங்கையாக இருக்க வேண்டும். கரண்டியால் கிண்டிக் குழைத்துவிட்டால் அது கூட்டு! தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்த விழுதும், மேலே விடுகிற பச்சைத் தேங்காயெண்ணெயும்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கின்றன. மாமி, உங்கள் பிள்ளை கோஷ்டியில் விழுது இருக்கிறதா என்று கேளுங்கள்!"

சங்கீத விமரிசகர்கள்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை!

"அதிருக்கட்டும், போட்ட பணம் திரும்புமா?" என்று மாமி காரியத்துக்கு வந்தாள்.

மறைக்காமல் சொன்னேன். இந்த நாளில் பாட்டை இணையத்தில் கேட்கிறார்கள். ஒரு தடவை கேட்டால் பைசாக் கணக்கில்தான் கிடைக்கும். ஆல்பம் என்பது விலாசச் சீட்டு மாதிரி. அதைக் கேட்டு நாலு பேர் கச்சேரிக்குக் கூப்பிட்டால்தான் வரும்படி. அவியல் கோஷ்டி 2011-ல் 'ஸால்ட் அண்ட் பெப்பர்' என்ற மலையாளப் படத்தில் ஒரு பாட்டுப் பாடியது. சாப்பாட்டுப் பிரியர்களைப் பற்றிய படம் அது, பொருத்தம் எப்படி! ரெக்ஸ் விஜயன் படங்களுக்கு இசையமைக்கவும் ஆரம்பித்தார். சினிமாவைத் தேடிப் போகாதவர்களைச் சினிமா தேடி வந்தது. ஆனால் எல்லாருக்கும் அப்படி வருமென்று நான் எழுதித் தர முடியாது.

மாமி சற்று நேரம் யோசித்தாள். பிறகு எழுந்து கொண்டாள்.

"பாதிப் பணம் தருகிறேன். மீதியை நாலு பேரும் சம்பளத்தில் போடட்டும். வேலையை ஒருவரும் விடக் கூடாது. தேங்காய் என்னுடையது, காய் அவர்களுடையது!"

அன்று ராத்திரி மாடியில் மறுபடியும் வாத்தியங்கள் முழங்கின. வழக்கமாக ஜன்னலைச் சாத்தும் என் மனைவி, சாத்தாமல் நின்று கேட்டாள்.

"வயலின் தனியாகக் காதில் விழுகிறது. கிண்டிக் குழைக்கவில்லை, பிழைத்துக் கொள்வார்கள்" என்றாள்.