சிரித்துவிட்டுப் போகலாம்தான், ஆனால் பேசுவது யாருடைய வாய்?

இறக்காமத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. 'டூரிஸ்ட் ஃபேமிலி' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் ஏதோ குறை சொல்லத் தொடங்க, பக்கத்திலிருந்த தம்பி இடைமறித்தார்: "காக்கா, படமெண்டா பாத்துச் சிரிச்சிட்டுப் போறதுதானே. அதுக்குள்ள என்னத்துக்கு ஆராய்ச்சி?"

நியாயமான கேள்விதான். நாள் முழுக்க வயலில் நின்றவர் இரவில் தொலைபேசியில் படம் பார்ப்பது பரீட்சை எழுதுவதற்கல்ல. சினிமாவே கூடாது என்பவர்களும் எங்கள் ஊரில் உண்டு. அது வேறு விவாதம்.

2025 மே மாதம் வெளியான அந்தப் படத்தில், பொருளாதார நெருக்கடியால் நாட்டைவிட்டுப் படகேறும் குடும்பத்துக்குத் தலைவராக சசிகுமார் நடித்தார், அவரது மனைவியாக சிம்ரன். கரையில் பிடிபட்டவர்களைப் பொலிஸ்காரர் ஒருவர் இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார். அதன் பிறகு வருவதெல்லாம் சிரிப்பும் அயலவர் அன்பும். நானும் சிரித்தேன். ஆனால் 2022 மார்ச் 22 அன்று அதே நெருக்கடியில் தனுஷ்கோடிப் பக்கம் போய்ச் சேர்ந்த 16 பேரில் சிலர் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது சென்னை வீடல்ல, மண்டபம் முகாம். இது தெரிந்தவருக்குப் படம் கசக்க வேண்டுமென்றில்லை. ஆனால் எந்த இடத்தில் சிரிக்கிறோம் என்பது மாறும். பேச்சு தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அந்தக் குடும்பம் பயப்படும் காட்சிகள் தமிழ்நாட்டு ரசிகருக்கு நகைச்சுவை. கொழும்புச் சோதனைச் சாவடியில் வாய் திறக்கப் பயந்தவருக்கு அது பழைய ஞாபகம்.

ஆகவே ஆராய்ச்சி வேண்டாம் என்பவரோடு எனக்குச் சண்டையில்லை. நாம் ஆராய்ச்சி என்று எதைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதில்தான் எனக்குக் குறை. ஈழம் தொடர்பான படம் வந்தால் ஒரே கேள்வி: நமக்கு ஆதரவா, எதிரா? 2025 ஓகஸ்டில் 'கிங்டம்' தெலுங்குப் படத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் நடந்த போராட்டம் வரை அதுதான் கதை. எதிர்ப்பதற்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு '800' நல்ல உதாரணம்.

முத்தையா முரளிதரனாக விஜய் சேதுபதி நடிப்பார் என்று 2020 ஒக்டோபரில் அறிவித்தார்கள். படப்பிடிப்பே தொடங்கவில்லை. முரளிதரனின் அரசியல் நிலைப்பாட்டைச் சொல்லி எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களில் அவர் விலகினார். 2023 ஒக்டோபரில் மதுர் மிட்டல் என்ற வட இந்திய நடிகருடன் படம் வெளியானது. அப்போது பெரிய சத்தமில்லை. 1977 வன்முறையில் தகப்பன் தாக்கப்பட்ட ஒரு கண்டித் தமிழ்ப் பிள்ளையின் வாழ்க்கை அது. தமிழ் நடிகர் போய் வட இந்தியர் வந்ததில் நமது இனமானம் காப்பாற்றப்பட்டதா? மலையகத் தமிழரின் பேச்சும் உடல்மொழியும் அதில் எப்படி வந்திருக்கின்றன என்று யார் கேட்டோம்?

'த ஃபேமிலி மேன்' இரண்டாம் பாகத்திலும் அதேதான். 2021 இல் தமிழ்நாட்டு அரசே மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதியது. ராஜி பாத்திரத்துக்காகச் சமந்தாவின் தோலைக் கறுப்பாக்கியிருந்தார்கள். போராளிப் பெண் என்றால் கறுத்த, சிரிக்காத, குறைவாகப் பேசும் உடம்பு என்று யார் முடிவெடுத்தது? விமர்சனம் தொட்டிருக்க வேண்டிய இடம் அது. சிலர் தொட்டார்கள், தடைக் கோரிக்கையின் சத்தத்தில் அது கேட்கவில்லை.

நடிப்பைப் பார்ப்பதென்றால் இதைத்தான் சொல்கிறேன். ஜாக் ஓதியாரின் 'தீபன்' 2015 இல் கான் விழாவில் தங்கப் பனை வென்றது. அதன் நாயகன் ஷோபாசக்தி இளவயதில் இயக்கத்தில் இருந்தவர். பிரான்ஸ் புறநகர் அடுக்குமாடியில் அவர் தோளைக் குறுக்கி நடக்கும் விதம் ஒப்பனையால் வருவதல்ல. படத்தின் முடிவு துப்பாக்கிச் சண்டையாகிப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நடை மறக்கவுமில்லை.

இனி எங்கள் பக்கம். கோடம்பாக்கத்துக்கு இலங்கைத் தமிழ் என்றால் யாழ்ப்பாணப் பேச்சு, அதுவும் பாதி கற்பனை. "மறுகா" என்று பேசும் மட்டக்களப்பாரோ, வாப்பா, ராத்தா என்று கூப்பிடும் அம்பாறைக் கரைக்காரரோ அங்கே இல்லை. முஸ்லிம் வந்தால் பெரும்பாலும் குண்டோடு வருவார். 2013 இல் 'விஸ்வரூபம்' படத்துக்குத் தமிழ்நாட்டில் 15 நாள் தடை போட்டதும், அது நீங்கி ஓடியதும் அந்த வழக்கத்தைக் குறைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களை, யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வீட்டைப் பூட்டியவர்களை, எந்த நட்சத்திரமும் நடித்ததாக நான் பார்க்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டின் காத்தான்குடிப் பள்ளிவாசல்களும் இல்லை, வீரமுனைக் கோவிலும் இல்லை.

கல்முனையில் பிரதேச செயலக விவகாரத்தில் ஒரே மேசையில் உட்கார மறுக்கும் தமிழரும் முஸ்லிமும் ஒரே படத்துக்கு ஒரே இடத்தில் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பெரிய விசயம்.

கடைத் தம்பியிடம் நான் திருப்பிக் கேட்டது இவ்வளவுதான்: "நம்மட பேச்சு பேசுற ஒராள எந்தப் படத்திலயாவது கண்டிருக்கியா?" கொஞ்சம் யோசித்தார். "வந்தா அவனையும் யாழ்ப்பாணத்தான் மாதிரித்தான் பேச வெப்பானுகள்" என்றார். ஆராய்ச்சி வேண்டாம் என்றவர் அவர்தான்.