தெருவில் புகை... தொட்டியில் புழு!

கெங்கவல்லி பக்கம் ஒரு வீட்டுக் கொல்லைப்புறம் போய்ப் பாருங்கள். சிமென்ட் தொட்டி, ரெண்டு பிளாஸ்டிக் டிரம், வரிசையாகக் குடங்கள். "குழாய்ல தண்ணி வர்றப்பப் பிடிச்சு வெச்சாத்தானே உண்டு?" என்பார் வீட்டம்மா. நியாயம்தான். ஆனால், அந்தத் தொட்டிக்குள் டார்ச் அடித்து எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் பத்திரமாகப் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி! முட்டை கொசுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். கடிப்பதும் பெரும்பாலும் பகலில்தான்.

2017-ம் வருடத்தை மறந்துவிட முடியுமா? தமிழகத்தில் 23 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு டெங்கு. அரசுக் கணக்குப்படியே 65 பேர் பலி. சேலம் மாவட்டமும் அப்போது படாத பாடு பட்டது. புழு இருந்த இடங்களுக்கு அபராதம் போட்டார்கள். தெருத் தெருவாகப் புகையும் அடித்தார்கள்.

"அதான் புகை அடிச்சுட்டாங்களே!" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். புகை, பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. ஏடிஸ் கொசுவோ கட்டிலுக்கு அடியிலும், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். புகை வண்டி வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? கதவு, ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொள்கிறோம்!

சரி, தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதுமா? போதாது. முட்டைகள் தொட்டியின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை தேங்காய் நாரோ பிரஷ்ஷோ போட்டு உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவி, பிறகு பிடியுங்கள். இடுக்கில்லாமல் மூடி வையுங்கள்.

பேரூராட்சிகளுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர் சேமிப்பது ஜனங்களின் ஆசையல்ல, அவசியம். அபராதச் சீட்டு நீட்டுகிற கை, குழாயையும் ஒழுங்காகத் திறந்துவிட வேண்டாமா? குழாயில் அடிக்கடி தண்ணீர் வந்தாலே பாதி டிரம் காலியாகிவிடும்.

இன்னொன்று... காய்ச்சல் விட்டதும் "சரியாப் போச்சு" என்று இருக்காதீர்கள். டெங்குவில் ஆபத்து வருவதே அப்போதுதான். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது - இதில் எது தெரிந்தாலும் உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கடையில் கேட்டு ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை போடவே போடாதீர்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவுகிறோமே... அன்றைக்கே தொட்டியையும் தேய்த்துவிடலாமே! பத்து நிமிட வேலை. காப்பாற்றப்போவது நம் பிள்ளைகளை!