விரற்பலகை வழக்கு

வீணையும் மிருதங்கமும் ஒலித்த மண்டபத்தில் மின்சாரக் கிற்றார் ஒலிக்கலாமா என்று பெரியோர் சிலர் வினவிய காலம் ஒன்று இருந்தது. அவ்வினா எவரும் விடை கூறாமலே மறைந்துபோயிற்று. இன்று நம்மவரிடையே எழுந்திருப்பது வேறொரு வினா. அளவிற் சிறியதாயினும் நம் கல்லூரி மாணவரை ஏழு மாதம் வெறுங்கையராய் நிறுத்திவைத்த வினா அது. பேஸ் கிற்றாரின் விரற்பலகை மேப்பிள் மரத்தாலாயதாய் இருத்தல் வேண்டுமா, ரோஸ்வுட் மரத்தாலாயதாய் இருத்தல் வேண்டுமா என்பதே அவ்வழக்கு.

நடந்ததைச் சுருங்கக் கூறுவேன். மேனாட்டிசைக் குழுவிலுள்ள மாணவர் தமக்கொரு பேஸ் கிற்றார் வேண்டுமென்று பழைய மாணவர் கிளையொன்றுக்கு விண்ணப்பித்தனர். பணம் மூன்று வாரத்திற் சேர்ந்தது. நம்மவர் கொடுப்பதிற் பின்னிற்பவரல்லர், தீர்மானிப்பதிலேதான் பின்னிற்பர். இளமையில் நடனக் குழுக்களில் வாசித்த அன்பரொருவர் ரோஸ்வுட் அன்றி வேறெதுவும் ஆகாதென்றார். மற்றொருவர் மேப்பிள் பலகையே தெளிந்த ஒலி தருமென்றார். கடையில் ஒன்று இருந்தது. மற்றையது வெளிநாட்டிலிருந்து கூடிய விலைக்குத் தருவிக்கப்பட வேண்டியிருந்தது. ஐந்து கூட்டம் கூடிற்று. பரிசளிப்பு விழாவன்று மாணவர் பியானோவின் இடப்புறக் கட்டைகளைக்கொண்டு பேஸ் இல்லாக் குறையை ஒருவாறு மறைத்தனர். மேப்பிள் கட்சியிற் குரலெழுப்பியோருள் யானும் ஒருவன் என்பதை ஒளியாது கூறிவிடுதல் நேர்மையாகும். அக்கட்சியை இப்போது விட்டுவிட்டேன், மறுகட்சியிலும் சேர்ந்தேனல்லேன். அதற்கான காரணங்களை இம்மலர் வாயிலாக இரு கட்சியார் முன்னும் வைக்க விரும்புகின்றேன்.

கருவியை அறியாதார் பொருட்டு ஒரு சொல். பேஸ் கிற்றார் பெரும்பாலும் நான்கு தந்திகளையுடையது. அவற்றுள் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. அதன் நீண்ட கழுத்தின் முகப்பில், வீணையில் நாம் மெட்டு என்று வழங்குவது போன்ற உலோகத் துண்டுகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். அவை பதிந்திருக்கும் மேற்பரப்பே விரற்பலகை. நாம் பேசும் வகைக் கருவிகளில் கழுத்து எப்படியும் மேப்பிள் மரமே. அதன்மேல் வேறொரு மரத்தின் சில மில்லிமீற்றர்த் தடிப்புள்ள பலகையை ஒட்டுவதா, மேப்பிளையே முகப்பாக விடுவதா என்பதுதான் வேற்றுமை முழுவதும்.

இவ்வேற்றுமை தோன்றிய வரலாறே என்னை முதலில் ஐயுறச் செய்தது. அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் என்பார் 1951ஆம் ஆண்டில் பிரிசிஷன் பேஸ் என்னும் கருவியை வெளியிட்டார். அதன் கழுத்து ஒரே மேப்பிள் துண்டு. விரற்பலகையெனத் தனியே ஒன்றும் இல்லை. கழுத்து வளையாதிருத்தற்பொருட்டு உட்செலுத்திய உருக்குக் கோலைப் பின்புறமாக வைத்து, அவ்வெட்டை வால்நட் மரக்கீற்றால் மூடினர். செலவு குறைவு, வேலை எளிது என்பனவே இவ்வமைப்பின் சிறப்பு. ஃபெண்டர் இசைவாணர் அல்லர்; வானொலிப் பெட்டி திருத்தும் தொழிலிலிருந்து வந்தவர். அவருடைய கருவிகளில் ரோஸ்வுட் பலகை முதன்முதல் அமைந்தது 1958இல் வெளிவந்த ஜாஸ்மாஸ்டர் கிற்றாரில். அடுத்த ஆண்டே பிரிசிஷன் பேஸும் அப்பலகையைப் பெற்றது. 1960இல் வந்த ஜாஸ் பேஸ் பிறந்தபோதே ரோஸ்வுட் பலகையுடன் பிறந்தது. மாற்றத்திற்குக் காரணம் யாது? மேப்பிளின்மேற் பூசிய மெருகு விரல்பட்டுத் தேய்ந்து, மரம் அழுக்கேறி, மேடையிலும் தொலைக்காட்சியிலும் கருவி அருவருப்பாகத் தோன்றிற்று என்பர். 1960களின் இறுதியிலே மேப்பிளை விரும்பிக் கேட்டோர்க்கு அது மீண்டும் கிடைத்தது. வந்ததும் போனதும் மீண்டதுமாகிய இக்கதையிலே செலவு பேசப்படுகின்றது, அழுக்குப் பேசப்படுகின்றது, அழகு பேசப்படுகின்றது. ஒலி எங்கே பேசப்படுகின்றது?

மேப்பிள் ஒலி பளிச்சிடும், ரோஸ்வுட் ஒலி கனிந்திருக்கும் என்பது இக்காலத்து வழக்கு. அது மெய்யாயின், 1951 முதல் 1958 வரை செய்யப்பட்ட பிரிசிஷன் பேஸ்கள் யாவும் பளிச்சென்று ஒலித்திருத்தல் வேண்டும்; அவையனைத்தும் மேப்பிள் அல்லவா? லயனல் ஹாம்ப்டன் குழுவில் மங்க் மொன்ற்கொமெரி அக்கருவியை வாசித்தபோது கேட்டோர் அதனைப் பெரிய நிற்பேஸுக்கு ஈடாக மதித்தனரேயன்றி, மணியோசை கேட்டதாகக் கூறினாரில்லை. அக்காலத்துத் தந்திகள் பொதுவாகத் தட்டைக் கம்பி சுற்றிய வழவழப்பான தந்திகள். பாலத்தை மூடிய தகட்டினுள் ஒலியைத் தணிக்கும் பஞ்சும் வைத்திருந்தனர். உருண்டைக் கம்பி சுற்றிய தந்திகளோ இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தார் 1966ஆம் ஆண்டளவில் ஜோன் என்ட்விசிலின் துணையோடு செப்பஞ்செய்தபின் பரவியவை. மேப்பிள் பலகை இரண்டாம் முறை வந்தபோது தந்தி மாறியிருந்தது. தந்தி தந்த பளபளப்பைப் பலகையின் கணக்கிலே வரவு வைத்துவிட்டோம்.

இருவரை எடுத்துக்கொள்வோம். டெற்றோயிற் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுக்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ரோஸ்வுட் கட்சியாரின் குலதெய்வம். அவர் நெடுங்காலம் வாசித்தது 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன், பலகை ரோஸ்வுட்தான். ஆயின் அதற்குமுன் அவரிடம் இருந்தது 1957ஆம் ஆண்டுக் கருவி. அதன் பலகை மேப்பிள்! அது களவுபோயிற்று. 1962ஆம் ஆண்டுக் கருவியும் 1983இல், அவர் இறப்பதற்குச் சில நாள் முன் களவுபோனது வேறு கதை. இரு கருவியிலும் தடித்த தட்டைத் தந்திகள். அவற்றை அவர் மாற்றுவதேயில்லை. மீட்டியது பெரும்பாலும் ஆட்காட்டி விரல் ஒன்றே. மரம் மாறிற்று, மனிதர் மாறவில்லை, ஒலி அவருடையதாகவே இருந்தது.

மேப்பிள் கட்சியார் மார்கஸ் மில்லரைக் காட்டுவர். யானும் கூட்டத்தில் அவரையே காட்டினேன். அவர் கையிலுள்ளது 1977ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ், மேப்பிள் பலகை. ஆனால் அக்கருவியின் உடல் ஆஷ் மரம். 1970களின் ஜாஸ் பேஸ்களில் பாலத்தருகே உள்ள காந்தச் சுருள், பழையதிலும் ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் பாலத்தை நோக்கி நகர்த்தப்பட்டிருந்தது. பாலத்தை அணுகுந்தோறும் ஒலி கூர்மையடையும் என்பதைத் தந்திக்கருவி வாசிப்போர் யாவரும் அறிவர். பின்னர் பாலமும் மாற்றப்பட்டது. உயர்சுருதிகளை எழுப்பிக்காட்டும் மின்சுற்று ஒன்றும் உள்ளே பொருத்தப்பட்டது. தந்தியோ உருண்டைச் சுற்று. வாசிக்கும் முறையோ பெருவிரலால் தந்தியை அறைதல். இத்தனைக்கும் பிறகு பலகையைச் சுட்டி, இதுவே காரணம் என்றால், ஏனைய காரணங்கள் நம்மைப் பார்த்து நகைக்கமாட்டாவா?

பொறியியல் நோக்கிலும் இஃது எளிதில் விளங்கும். விரல் தந்தியை அழுத்தும்போது தந்தி சென்று தங்குவது மரத்தின்மீதன்று, மெட்டின்மீது. வீணையின் மெட்டுக்கள் மெழுகிலே பதிந்திருக்கின்றன. அதுபற்றி வீணையிசையை மெழுகிசை என்பாரில்லை. இனி, கழுத்துத் தந்தியோடு சேர்ந்து அதிர்வதும், அவ்வதிர்வாற் சில இடங்களில் ஒலி விரைவில் அடங்கிப்போவதும் உண்மை. பேஸ் வாசிப்போர் அவற்றைச் செத்த இடங்கள் என்பர். மெல்லிய தந்தியில் ஐந்தாம் ஆறாம் மெட்டருகே அவற்றைத் தேடிக்காணலாம். ஆனால் அது கழுத்து முழுவதன் விறைப்பையும் நிறையையும் பற்றியது. ஒரே மரத்தாற் செய்த இரு கருவிகளுக்கிடையேயும் அவ்வேற்றுமை உண்டு. பலகை சிறிதும் பங்கு கொள்ளாதென்று வாதிடேன். அப்பங்கு, தந்தியும் விரலும் காந்தச் சுருளும் கொள்ளும் பங்கின் முன்னே நிற்கமாட்டாது என்பதே என் துணிபு.

மெட்டில்லாப் பேஸ் மாத்திரம் விலக்கு. அங்கே தந்தி மரத்தையே தீண்டி ஒலிக்கின்றது. ஆகவே மேற்பரப்பின் வன்மை காதுக்குத் தெரியும். ஜாக்கோ பஸ்டோரியசின் 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் மெட்டு நீக்கப்பட்டது. உருண்டைச் சுற்றுத் தந்தி ரோஸ்வுட் பலகையை அராவித் தின்றமையால், படகுகளுக்குப் பூசும் எபொக்சிப் பூச்சை அவர் அதன்மேற் பூசினார். 1976இல் வெளியான அவருடைய முதல் இசைத்தட்டிற் கேட்கும் அந்தப் பாடுங்குரல் ஒலியிலே பூச்சுக்கும் பங்குண்டு. அதாவது, மரம் தந்தியைத் தொடும் ஒரே இடத்திலும் தொட்டது மரமன்று!

அப்படியாயின் இரண்டும் ஒன்றேயோ எனின், அன்று. கைக்கு வேற்றுமை உண்டு. அதனை யான் மதிக்கின்றேன். மேப்பிள் அழுக்கை உறிஞ்சுவதால் மெருகு பூசியே ஆகவேண்டும். ஆகவே விரல் தீண்டுவது கண்ணாடி போன்ற மெருகை. சிலருக்கு அது வழுக்கும். வியர்வை மிகும் நம் நாட்டுச் சித்திரை மாதத்திலே சிலருக்கு ஒட்டும். ரோஸ்வுட் தன்னுள்ளேயே எண்ணெய்ப் பசை உடையது, மெருகு வேண்டாது, நுண்டுளைகளோடு கூடிய மரத்தையே விரல் உணரும். ஆண்டுக்கொருமுறை துடைத்துச் சிறிது எண்ணெய் இட்டாற் போதும். மெட்டுத் தேய்ந்து புதுமெட்டுப் பதிக்க நேரும்போது மெருகிட்ட மேப்பிளில் வேலையும் கூலியும் மிகும். பெயர்த்த இடத்தில் மெருகு சிதறும், மீண்டும் பூசவேண்டும். கல்லூரிக் கருவி பல கைகளிற் புரள்வது. இவை கருதி ஒருவர் ரோஸ்வுட் வேண்டுமென்றால் அது நியாயம். மேடை விளக்கொளியிலே வெண்பொன் நிறமாய் மிளிரும் மேப்பிள் கண்ணுக்கு இனிது, அதனால் வேண்டுமென்றால் அதுவும் நியாயமே. கண்ணின் விருப்பத்தைக் காதின் தீர்ப்பாகக் காட்டுவதே நியாயமன்று.

இத்தவற்றை யானும் செய்தேன். இளமையில் என்னிடமிருந்த ரோஸ்வுட் பலகைக் கருவி மந்தமாய் ஒலிக்கின்றதென்று அதனை நட்டத்திற்கு விற்று, கடன்பட்டு மேப்பிள் கருவியொன்றை வாங்கினேன். அன்றிரவே வீட்டார் உறங்கவிடாமல் ஒலி பளிச்சிட்டது. எனது தெரிவை வியந்துகொண்டேன். மூன்று மாதத்தில் அதுவும் மந்தமாயிற்று. விற்ற கருவியில் மூன்று ஆண்டு பழைய தந்திகள் இருந்தன என்பதும், வாங்கிய கருவியிற் புதிய தந்திகள் இருந்தன என்பதும் அப்போதுதான் உறைத்தன. ஒருசெட்டுத் தந்தியின் விலையில் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது.

விலை நாம் கொடுப்பது மாத்திரமன்று. பிரேசில் நாட்டு ரோஸ்வுட் அருகிப்போய், 1992 முதல் அதன் பன்னாட்டு வாணிகம் ஏறத்தாழ முற்றாகத் தடைப்பட்டது. ஃபெண்டர் தொழிலகத்தார் 1960களின் நடுவிலேயே இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினர். அம்மரம் வேறொன்றுமன்று, நீலகிரியிலும் ஆனைமலைச் சாரலிலும் வளரும் ஈட்டிமரமே, தோதகத்தி என்றும் வழங்குவது. அதனைக் காத்தற்பொருட்டுத் தமிழ்நாட்டரசு 1994இல் தனிச்சட்டம் இயற்றிற்று. 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவ்வினத்து மரங்கள் அனைத்தும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தன. கிற்றார் செய்வோர் சிலர் பாவ் ஃபெரோ என்னும் தென்னமெரிக்க மரத்தைக் கைக்கொண்டனர். 2019இன் இறுதியில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. கட்டுப்பாடு நிலவிய மூன்றாண்டுக் காலத்திற் பதிவான பேஸ் இசையைக் கேட்டு, இது மாற்றுமரம் என்று கண்டுபிடித்த செவி எதனையும் யான் சந்தித்ததில்லை. ஈட்டிமரம் வளர்ந்து முதிரப் பல பத்தாண்டுகள் செல்லும். பழைய கருவியில் உள்ள ரோஸ்வுட்டைப் போற்றுவோம். புதியதை அதற்காகவே தேடி அலைதல் வேண்டா.

கிளையின் கூட்டம் ஆறாம் முறை கூடாமலே கருவி வாங்கப்பட்டது. பொருளாளர் பொறுமையிழந்து, கடையில் இருந்ததை வாங்கி அனுப்பிவிட்டார். எஞ்சிய பணத்தில் ஒலிபெருக்கியும் கிடைத்தது. அண்மையிற் கல்லூரிக்குச் சென்றபோது அதனை வாசிக்கும் மாணவனைக் கண்டேன். சிறுவன் நன்றாகவே வாசிக்கின்றான். இடக்கை இன்னும் சிறிது தளர்தல் வேண்டும். பலகை எந்த மரம், தம்பி, என்று கேட்டேன். குனிந்து பார்த்து, கறுப்புத்தான் சேர், என்றான். தந்திகள் துருப்பிடித்துவிட்டன, புதியன கிடைக்குமா என்றும் கேட்டான். அவ்வேண்டுகோளை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிற் சேர்க்குமாறு செயலாளருக்கு எழுதியிருக்கின்றேன்.