மலையை ஏறிட்டுப் பாராத முக்கோணவியல்

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் உயரங்களையும் தொலைவுகளையும் பற்றிய பகுதியைப் பயிலும் நாமக்கல் மாணவன், ஊர் நடுவே சுமார் 65 மீட்டர் உயரத்துக்கு ஒரே கல்லாய் எழுந்து நிற்கும் மலைக்கோட்டையின் பக்கம் திரும்பியும் பாராமல், பெயரில்லாத ஏதோ ஒரு கோபுரத்தின் உயரத்தைப் பரீட்சைத் தாளில் கண்டறிந்து முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறான். முட்டைக்கும் மதிப்பெண்ணுக்கும் ஒருங்கே கீர்த்தி பெற்ற ஜில்லாவில் இது எவருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை.

1802இல் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து லாம்டன் துரை தொடங்கிய மகா முக்கோண நில அளவை, எந்தத் தீர்க்கரேகையை அனுசரித்து இமயம் நோக்கிச் சென்றதோ, அந்த 78ஆம் பாகையை ஒட்டியே சேலமும் நாமக்கல்லும் அமைந்திருக்கின்றன. அத்தகைய பூமியில் இந்தச் சாஸ்திரத்தைக் கரும்பலகைக்குள் அடைத்து வைப்பது தகாது.

உபகரணத்துக்குப் பெருஞ்செலவில்லை. பாகைமானியின் நேர்விளிம்பில் ஒட்டிய உறிஞ்சுகுழலும், நடுப்புள்ளியிலிருந்து தொங்கும் நூலும், நுனியில் ஓர் இரும்பு நட்டும் போதும். கொடிக்கம்பத்தை அளந்த பிள்ளைகள், விடை ஏன் குறைகிறது என்று திகைத்து, தம் கண்மட்டத்தின் உயரத்தைக் கூட்ட மறந்ததைத் தாமே கண்டுகொள்வார்கள். பிறகு பாறைக்கு வரலாம். உச்சிக்கு நேர் கீழே நாடாவைக் கொண்டுசெல்ல இயலாதாகையால், ஓரிடத்தில் 45 பாகையும், அங்கிருந்து 48 மீட்டர் பின்வாங்கி 30 பாகையும் கிடைத்தால், உயரம் 65 மீட்டரைச் சற்றே தாண்டும் என்று கணக்கிட வேண்டிவரும். பாடநூலின் கோணங்கள் பெரும்பாலும் 30, 45, 60 என்றே வந்து நிற்கும். மலை அந்தத் தாட்சண்யம் காட்டாது. அடி எட்டக்கூடிய கோபுரமே ஆயினும், அவ்வளவு உயரத்தை 45 பாகையில் நோக்கும்போது கோணத்தில் ஒரு பாகை பிசகினால் உயரத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் பிசகும் என்பதை எந்த மனனமும் உணர்த்தாது.

சூத்திரங்களை மனனம் செய்வது வீண் என்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் விஞ்ஞானத்துக்கு 25 மதிப்பெண் செய்முறைக்கென ஒதுக்கிய கல்வித்துறை, கணிதத்தின் நூறையும் எழுத்துக்கே விட்டிருப்பதற்கு நியாயம் என்ன? அதில் பத்தையேனும் களத்தில் அளப்பதற்கு ஒதுக்க வேண்டும். செய்முறை மதிப்பெண்கள் வாரி வழங்கப்படும் என்ற ஆட்சேபம் பொய்யன்று. ஆதலால், விடைக்கன்று, ஒரே பாறையை அளந்த மூவரின் அளவுகள் ஏன் வேறுபட்டன என்று எழுதிய குறிப்புக்கே மதிப்பெண் தரட்டும். எல்லா நோட்டிலும் 65 என்றே இருந்தால், எவருக்கும் தர வேண்டாம்.