பேயூர் என்பது யார் சொல்?

கோலார் தங்கவயலுக்குச் செல்லப் போகிறோம் என்றதும், "அந்தப் பேயூரிற் பார்க்க என்ன இருக்கிறது?" என்று பெங்களூர் நண்பர் ஒருவர் நகைத்தார். சுரங்கம் 2001 பெப்ரவரி 28 இல் மூடப்பட்டது. ஆகவே ஊரும் செத்தது என்பது அவர் முடிவு.

ஆவணி விடுமுறையில் நாம் அங்கே சென்றோம். துருவேறிய இரும்புக் கோபுரங்களையும், சயனைட் கழிவு மலிந்து குன்றுகளாய் நிற்பதையும் கண்டோம். பேயைக் கண்டோமில்லை, மனிதரையே கண்டோம். நமது மலையகத்து லயன்களை அறிந்தவர்க்கு அவர்தம் குடியிருப்புகள் புதியன அல்ல. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு அவர்கள் நாள்தோறும் புகையிரதமேறிக் கூலிக்குப் போகின்றனர்.

1880 இல் ஜோன் டெய்லர் கம்பெனி இங்கே கால்வைத்தது. வட ஆர்க்காட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறை உடைத்தனர். 1902 இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது; இயந்திரத்தை இயக்கவே வந்தது, தொழிலாளியின் குடிசைக்கு ஒளியூட்ட அன்று. இலாபம் இலண்டனுக்குப் போயிற்று. பாறைத்தூசு தொழிலாளியின் நுரையீரலிலே தங்கிற்று. கைரேகை பதிக்கும்படி பணித்தபோது, 1930 இல் அத்தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1956 இல் சுரங்கம் அரசுடைமையாயிற்று. ஈற்றில் "நட்டம்" என்று சொல்லிக் கதவடைத்தனர். யாருடைய கணக்கில் நட்டம்? அரித்துப்போன நுரையீரல் எந்தப் பேரேட்டில் ஏறிற்று?

ஊர் செத்ததென்று சொல்வது வெறும் அறியாமையன்று. சிலருக்கு அது வசதியுமாகும். செத்த ஊரிலே குடியிருக்கும் வீட்டுக்கு உரிமை கேட்பார் இல்லை; நச்சுக் குன்றை அகற்றுக என்பார் இல்லை; இருமலுக்கு மருந்து கேட்பாரும் இல்லை!

இச்சொல்லின் கொடுமையை நாம் வீட்டிலேயே அறிவோம். 1991 இல் புங்குடுதீவு மக்கள் இடம்பெயர்ந்தனர். எமது இறுப்பிட்டியிலும் பூட்டிய வீடுகளுக்குள் மரங்கள் முளைத்தன. வெளிநாட்டிலிருந்து வருவோர் அவற்றைப் படமெடுத்து, "பாழூர்" எனப் பெருமூச்செறிந்து திரும்புகின்றனர். பக்கத்து வீட்டிலே நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் கிழவி அப்படத்தில் இல்லை. எம்மிடம் படிக்கும் பிள்ளைகளும் இல்லை.

இடிந்த சுவரைக் கண்டு இரங்குதல் எளிது. அச்சுவரின் நிழலில் வாழ்பவனுக்குச் சேரவேண்டியதை யார் கொடுப்பது? பாழிடம் பார்க்கப் போகும் மாணவ நண்பர்களே, முதலில் அதைக் கேளுங்கள்.